இடக்கைக் கோடுகள்

கத்தரீனா மாதாவுக்கு அந்த நேர்த்திக்கடனை வைத்தபோது அவளுக்குப் புத்தி இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். புருசன் போன வள்ளம் திரும்பாத வீட்டில் புத்தி எங்கே இருக்கப் போகிறது? வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஊரே நினைத்திருந்த ஒரு நாளில் சவிரிமுத்துவும் அவன் கூட்டாளி இளையதம்பியும் நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து வலை வைக்கப் போனார்கள். பின்னேரம் காற்று திரும்பி அடித்தது. மற்ற வள்ளங்கள் எப்படியோ கரை பிடித்தன. இவர்களுடையது வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மாதா கோயிலில் பெண்கள் கூடி அழுதார்கள். ஆளுக்கொரு நேர்த்தி வைத்தார்கள். ஒருத்தி ஆள் உயரத்துக்கு மெழுகுதிரி என்றாள். கத்தரீனாவின் மாமி அந்தோனியம்மா, வீட்டில் நின்ற ஒரே பசுவின் கன்றை மகனுக்காக நேர்ந்துவிட்டாள். கத்தரீனாவிடம் நேர்வதற்கு என்ன இருந்தது? முழந்தாளில் நின்றவளின் கண்ணுக்கு நேரே ஆர்மோனியப் பெட்டி தூசி பிடித்துக் கிடந்தது. காலால் மிதித்துக் காற்று ஊட்டி, கையால் வாசிக்கிற பெட்டி. அதை வாசித்த கன்னியாஸ்திரி மாற்றலாகிப் போன பிறகு தொடுவாரில்லை. பெரிய சனிக்கிழமை, கர்த்தர் உயிர்த்த சந்தோசத்தில் பாடுகிற குளோரியாகூடப் பெட்டியில்லாமல் மொட்டையாகப் போகிறதே என்று ஊர் குறைப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது இதுதான்.

"மாதாவே, அவரைக் கொண்டுவந்து தந்தியெண்டால், வாற பெரிய சனிக்கு உன்ர பெட்டியிலை குளோரியா நான் வாசிப்பன். ரெண்டு கையாலையும் வாசிப்பன்."

அதுவரை அவள் அந்தப் பெட்டியில் ஒரு விரல்கூட வைத்ததில்லை. ஒரு கையால் என்று சொல்லியிருக்கலாம். துடைத்து வைப்பேன் என்று சொல்லியிருக்கலாம். பயந்த வாய்க்கு அளவு தெரியாது. பக்கத்தில் இருந்த மாமி கேட்டாள். பொழுதுபடுமுன் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

மாதாவும் கேட்டிருக்க வேண்டும். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் படுத்தபடி மிதந்த சவிரிமுத்துவை அனலைதீவுக்காரர் தூக்கிக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். இளையதம்பி வரவில்லை. கடலில் என்ன நடந்தது என்று கேட்டால் சவிரிமுத்து, "அவன் கையை விட்டிட்டான்" என்பான். அதற்கு மேல் பேச்சு வராது. கேட்டவர்களும் மேலே கேட்கமாட்டார்கள்.

நேர்த்தி என்பது அந்தக் கரையில் விளையாட்டு இல்லை. நேர்த்தியால் மீண்டவன், நேர்த்தி தீரும்வரை கடலில் கால் நனைக்கக் கூடாது. தீர்க்கிற நேர்த்தியும் குறையாகப் போகக் கூடாது. போனால், கொடுத்ததைக் கடல் திரும்பக் கேட்கும். சுவாமியார் இதையெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கத்தில் கண்டிப்பார். சனம் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் பாட்டில் அதையே நம்பும். கத்தரீனாவும் நம்பினாள். குளோரியாவில் ஒரு பிழை விட்டால் சவிரிமுத்து போய்விடுவான். கணக்கு அவ்வளவு லேசாக இருந்தது. அதனால்தான் அவளுக்கு நித்திரை வரவில்லை.

தவசு காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்ததும் அவள் கிறேசம்மாவிடம் போனாள். கிறேசம்மா பெண்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர், இவளுடைய வயதுதான். யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற் போடிங்கில் தங்கிப் படித்தவள். அங்கே பியானோ பழகினவள் என்பதை அவள் சொல்லாத நாள் கிடையாது. தகப்பன் செத்ததும் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்ததை மட்டும் அவ்வளவாகச் சொல்லமாட்டாள். வேண்டுகோளைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருசமும் இப்படி ஒருத்தி வருவாள் என்று காத்திருந்தவள் போலிருந்தாள்.

"இதிலை பயப்பட என்ன கிடக்கு? அஞ்சு கோடு. எல்லாம் அதுக்குள்ளை அடக்கம்," என்றாள்.

பள்ளிக்கூடம் கலைந்த பிறகு கரும்பலகையில் ஐந்து கோடு இழுத்தாள். முட்டை முட்டையாகக் குறிகளைப் போட்டாள். "கோடு வயித்துக்குள்ளாலை போனால் கோட்டிலை இருக்கிறவர். ரெண்டு கோட்டுக்கு நடுவிலை கிடந்தால் இடையிலை இருக்கிறவர். கீழையிருந்து எண்ணும். பேர் ஏழுதான். ஏழும் முடிஞ்சால் திரும்ப முதலாம் ஆள் வருவார். சீ, டீ, ஈ, எஃப், ஜீ, ஏ, பீ. அடிக்கோட்டிலை ஈ. அவருக்கு மேல் இடையிலை எஃப். அப்பிடியே ஏணியிலை ஏறுற மாதிரி ஏறும்."

"சீ எங்கை?"

"அவர் அஞ்சு கோட்டுக்கும் கீழை. தனக்கெண்டு ஒரு சின்னக் கோடு வைச்சுக்கொண்டு இருப்பார். அவரைப் பிடிச்சீரெண்டால் மிச்ச ஆக்களை எண்ணிப் பிடிக்கலாம்."

அளவும் சொல்லிக் கொடுத்தாள். வெறும் வெள்ளை முட்டைக்கு நாலு தட்டு. அதற்கு வால் இருந்தால் இரண்டு. கறுப்பு முட்டைக்கு ஒன்று. கத்தரீனா தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான். ஆனால் பயம் ஒரு நல்ல வாத்தியார். குசினியில் ஒரு பலகையை எடுத்துக் கரியால் ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளைக் கீறினாள். கூழ் துழாவும்போதும் வாய் 'ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு' என்று எண்ணியது. மாமி அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

பாட்டுத்தாளைச் சுவாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தார். புதுக் குளோரியா. கறுப்புக் கட்டை ஒன்றும் தேவைப்படாத சின்னப் பாட்டு என்று சொல்லித்தான் கொடுத்தார். கொடியில் நெத்தலி காயப்போட்ட மாதிரி தாள் முழுக்கக் கறுப்பாக இருந்தது. மேலே ஐந்து கோடு வலக்கைக்கு, கீழே ஐந்து கோடு இடக்கைக்கு. கத்தரீனா அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிய இடி பஸ்ரியாம்பிள்ளையிடம் இருந்து வந்தது. அவர் அந்தக் கரையின் சம்மாட்டி. வள்ளமும் வலையும் அவருடையவை, சவிரிமுத்து போனதும் அவருடைய வள்ளத்தில்தான். கோயில் மூப்பரும் அவரே. விபூதிப் புதனன்றே பெட்டியின் மேல் ஊதாத் துணியைப் போட்டு மூடியிருந்தார்.

"தவசு காலத்திலை பெட்டி வாய் திறக்கப்படாது, பிள்ளை. என்ர அப்பு காலத்திலையிருந்து இந்தக் கோயில் வழக்கம். பெரிய சனி குளோரியாவுக்குத்தான் துணி எடுக்கிறது," என்றார்.

"அப்ப நான் எப்பிடிப் பழகுறது, சம்மாட்டியார்?"

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வழி சொன்னார். துணியை எடுக்கக் கூடாது. ஆனால் துணிக்குக் கீழே கையை விட்டுக் கட்டையைத் தொடலாம். காலால் மிதிக்கக் கூடாது. காற்றுப் போகாவிட்டால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் அது வாசிப்பு இல்லை. வாசிப்பு இல்லாவிட்டால் பாவமும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, தன்னுடைய கெட்டித்தனத்தில் தானே திருப்திப்பட்டுப் போனார்.

ஆக, கத்தரீனா ஊமைப் பெட்டியில் பழகினாள். மத்தியானத்தில் கோயிலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கால் தவறி மிதித்துவிடும் என்று இரண்டு காலையும் கதிரைக்குக் கீழே மடக்கிக்கொள்வாள். தாளை மேலே விரித்து, கையைத் துணிக்குள் விடுவாள். கண் தாளில், கை இருட்டில். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து தட்டுப்படும் இடத்துக்கு இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டை 'சீ' என்று கிறேசம்மா கரும்பலகையில் கீறிக் காட்டியிருந்தாள். தடவித் தடவி அதைப் பிடிப்பாள். கட்டைகள் அமுங்கும்போது டொக் டொக் என்று மரச்சத்தம் மட்டும் வரும். வெளியே காற்று கதவை இழுத்து இழுத்து அடிக்கும்.

வலக்கை மெல்ல மெல்ல வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சுவாமியார் பாடகருக்குப் புதுக் குளோரியாவை வாயால் பாடிப் பழக்கிக்கொண்டிருந்தார். கத்தரீனாவும் அந்தக் கூட்டத்தில் நின்று பாடினாள். ஆகவே வலக்கை போகிற வழி அவள் காதுக்குத் தெரியும். குறி ஏறினால் பாட்டு ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஒரு நாள் திடீரென்று தாளே வாய் திறந்து பாடுவது போலத் தெரிந்தது. பயத்தையும் மறந்து அவள் சிரித்துவிட்டாள். கோயிலில் தனியே இருந்து சிரிப்பது நல்லதில்லை என்று உடனே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடக்கைக்கு அப்படி ஒரு துணை இல்லை. அது போகிற வழியை ஒருவரும் பாடுவதில்லை.

அந்தச் சிரிப்புக்குத் தண்டனை போல மறுநாள் ஒன்று நடந்தது. மடக்கி வைத்திருந்த கால் விறைத்துப்போய்த் தானாக நீண்டு பெட்டியின் மிதியில் விழுந்தது. அப்போது இடக்கை விரல் ஒன்று ஆகக் கீழ்க்கட்டையில் இருந்தது. ஊதாத் துணிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தண்ணீருக்குக் கீழே இருந்து யாரோ கூப்பிடுவது போல நீளமாக வந்து, இழுபட்டு, ஓய்ந்தது. கத்தரீனா துணிக்குள்ளிருந்து கையை இழுத்துக்கொண்டாள். இளையதம்பி என்ற பெயர் ஏன் நினைவில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வந்தது.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் சவிரிமுத்து நின்றான். அவளைக் கூட்டிப்போக வந்தவன். பேயறைந்தவன் போல நின்றான்.

"என்ர கால் பட்டிட்டுது," என்றாள் அவள். "வேணுமெண்டு மிதிக்கேல்லை."

அவன் கதவு நிலையைப் பிடித்தபடி, "எவ்வளவு வந்திட்டுது?" என்று கேட்டான்.

"வலக்கை முக்கால்வாசி வந்திட்டுது."

"அவ்வளவு கெதியாயோ? இந்தக் கொஞ்ச நாளுக்குள்ளையோ?"

நம்பமாட்டேன் என்கிறான் என்று அவள் நினைத்தாள். லேசில் நம்புவானா, அவனுடைய உயிரல்லவா அவளுடைய பத்து விரலில் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

சவிரிமுத்து அந்த நாட்களில் கரையிலேயே கிடந்தான். மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்தினான். விழுந்துபோன கல்வேலியை எடுத்துக் கட்டினான். கட்டின வேலியைக் காரணமில்லாமல் பிரித்துத் திரும்பவும் கட்டினான். வள்ளங்கள் போகிற நேரத்தில் கரைப்பக்கம் போகமாட்டான். ஏங்கிப்போய் இருக்கிறான், கடலைப் பார்த்தால் மனம் கேளாது என்று மாமி சொன்னாள். கத்தரீனாவும் அதைத்தான் நினைத்தாள். பின்னேரம் சாப்பாட்டுக்கு இருந்தால் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"எவ்வளவு வந்திட்டுது?"

"வலக்கை முழுக்க வந்திட்டுது. இனிப் பயமில்லை."

அவன் கையிலெடுத்த பிட்டை அப்படியே தட்டில் வைத்தான். பிறகு சாப்பிடவில்லை. இன்னொரு நாள் அவள், "இடக்கை பெரிய கரைச்சலாய்க் கிடக்குது. என்னாலை ஏலாது போலை," என்று அழாக்குறையாகச் சொன்னபோது, "அவசரப்படாதையும். ஆறுதலாய்ப் படியும்," என்று தேற்றினான். அன்று இரண்டாம் தரமும் கூழ் வாங்கிக் குடித்தான். எவ்வளவு பொறுமையான மனிசன் என்று அவளுக்குக் கண் கலங்கியது. அந்தப் பொறுமைக்காகவாவது இடக்கையை வசப்படுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இடக்கைக் கோடுகளைக் கூர்ந்து பார்த்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேல் ஐந்து கோட்டின் தொடக்கத்தில் சுருண்டு வளைந்த ஒரு குறி இருந்தது. கீழ் ஐந்து கோட்டின் தொடக்கத்தில் அது இல்லை. வேறொன்று இருந்தது. காது மாதிரி வளைந்து, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தது. தாளைக் கொண்டு கிறேசம்மாவிடம் போனாள்.

"இதென்ன கீழை வேறை மாதிரிக் கிடக்கு?"

கிறேசம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். கொன்வென்றில் அவள் வலக்கை முடித்த மாதத்தில்தான் தகப்பன் செத்துத் தந்தி வந்தது. இடக்கைக்கு அவள் போகவேயில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க, ஏன், கரை முழுக்க, ரீச்சருக்குப் பியானோ தெரியும் என்று நம்பியிருக்கும்போது அந்தப் பேச்சு எப்படி வாயில் வரும்?

"அது இடக்கைக்கு அடையாளம்," என்றாள். "இதை இடக்கையாலை வாசி எண்டு அர்த்தம். எழுத்து எல்லாம் ஒண்டுதான். கோடு கோடுதானே. அடிக்கோட்டிலை ஈ."

"நிச்சயமாயோ?"

"நான் உமக்குப் பிழையாய்ச் சொல்லுவனோ?"

கத்தரீனா நம்பினாள். அடிக்கோட்டில் ஈ என்று வைத்துக்கொண்டு, மேலே ஒவ்வொன்றாக எண்ணி, இடக்கையின் ஒவ்வொரு குறியையும் மனதில் ஏற்றினாள். குருத்தோலைத் திருநாள் முடிவதற்குள் இரண்டு கையும் துணிக்குள் ஒன்றாக ஓடின. டொக் டொக் என்ற சத்தம் ஒரு தாளத்தில் வந்தது. பெட்டி உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளிலேயே "பிழை" என்று கத்தியிருக்கும். ஊமைப் பெட்டி என்ன சொல்லும்? நீ எந்தக் கட்டையை அமத்தினாலும் அதற்குச் சரிதான்.

தவசின் கடைசி வாரமான பெரிய கிழமை வந்தது. வியாழக்கிழமைப் பூசையோடு மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டினார்கள். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் கத்தரீனா ஒருசந்தி இருந்தாள். சவிரிமுத்துவும் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பொழுதுபடும் நேரம் அவன் அவளருகே வந்து இருந்தான்.

"நாளைக்கு ஒரு சின்னப் பிழை வந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டான்.

"வராது."

"வந்தால்?"

"வரவிடமாட்டன் எண்டு சொல்லுறனெல்லோ." அவள் கரியால் கீறின பலகையைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்கள் இப்பிடிக் கேட்டால் எனக்குக் கை நடுங்கும்."

அவன் எழுந்து கல்வேலியடிக்குப் போனான். இருட்டும்வரை அங்கேயே நின்றான்.

சனிக்கிழமை காலையில், அந்தக் காலத்து வழக்கப்படி, பூசைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. புனிதர்களின் சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணிக்குள் மறைந்து நின்றன. பஸ்ரியாம்பிள்ளை தன் கையாலேயே பெட்டியின் மூடுதுணியை எடுத்து மடித்து வைத்தார். கத்தரீனா கட்டைகளை முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சள் பூத்துப்போயிருந்தன. இத்தனை நாளும் தடவின கட்டைகள்தானா இவை என்று அவளுக்கு ஐயமாகிவிட்டது. வேர்வையில் விரல் வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சுவாமியார் குளோரியா என்று இழுத்தார்.

அவ்வளவுதான். கோபுரத்து மணி, பீடத்து மணி, ஊரில் இருந்த கைமணி எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன. வெளியே சீனவெடி கொளுத்தினார்கள். சுரூபங்களின் துணிகள் சரசரவென்று விழுந்தன. சனம் எழுந்து நின்றது, பாடகர் உச்சத்தில் எடுத்தார்கள். கத்தரீனா காலால் மிதித்து இரண்டு கையையும் ஒன்றாக வைத்தாள்.

வலக்கை பாடியது. சுவாமியார் வாயால் பாடின அதே பாட்டு, ஒரு குறி பிசகவில்லை. இடக்கை அழுதது.

வேறு எப்படிச் சொல்வது? அது அலறவில்லை, கரகரக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தோசப் பாட்டுக்குக் கீழே, செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி இழுக்கிற இழுப்பு மாதிரி, அடிநாதமாக ஒரு துக்கம் ஓடியது. மேலே கர்த்தர் உயிர்த்தார், கீழே யாரோ செத்துப்போனார். கத்தரீனா தாளைப் பார்த்தாள். அடிக்கோட்டில் ஈ. விரல் ஈயில்தான் இருந்தது. எண்ணினாள், எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் எல்லாம் பிழையாகக் கேட்டது. இது தன் பிழை இல்லை, இது அடையாளம், மாதா சொல்கிற பதில் என்று அவள் மனம் சொன்னது. கடல் கேட்கிறது.

மணிச்சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பெட்டிக்குக் கிட்ட இருந்த அவளுக்கு மட்டும் கேட்டது. இன்னும் இரண்டு வரி வாசித்தாள். மணி ஓயத் தொடங்கியது. ஓய்ந்தால் ஊரே கேட்கும். இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சக் குளோரியாவை வலக்கை தனியே வாசித்து முடித்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமி அந்தோனியம்மா ஊருக்கு முன்னால் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. "என்ர பிள்ளையைத் தந்தது இவள்தான்," என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னாள். கிறேசம்மா, "நான்தானே பழக்கினனான்," என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

கத்தரீனா சிரிக்க முயன்றாள். யாரும் கேட்கவில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. இருந்தால் அவன் போவான், போனால் வருவானோ என்று மறுமனம் கேட்டது.

பஸ்ரியாம்பிள்ளை சவிரிமுத்துவின் தோளில் தட்டியபடி வந்தார். "நேர்த்தி தீந்துபோச்சு. புது வள்ளம் ஆயத்தமாய்க் கிடக்கு, தம்பி. திங்கட்கிழமை விடியப் போவம். காத்தும் தோதாய் இருக்கும்."

"ஓம், சம்மாட்டியார்," என்றான் சவிரிமுத்து.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கத்தரீனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தற்செயலாகக் கையைப் பார்த்தாள். கோயில் மதிலின் கல்லை அவன் பிடித்துக்கொண்டு நின்றான். விரல்நுனியெல்லாம் இரத்தம் செத்து வெளுத்திருந்தது. நிலத்தில் நிற்கிற மனிசன் ஒரு மதிலை அப்படிப் பிடிக்கமாட்டான்.

அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சாப்பிடாமல் வைத்த பிட்டு விளங்கியது. ஆறுதலாய்ப் படியும் என்றது விளங்கியது. நேற்றுப் பொழுதுபடக் கேட்ட கேள்வி விளங்கியது. இத்தனை நாளும் அவள் பிழை விட்டுவிடுவாளோ என்று அவன் பயப்படவில்லை. பிழை விடாமல் வாசித்துவிடுவாளோ என்றுதான் பயந்தான். கடலுக்குப் போகப் பயம் என்று சொல்ல அந்தக் கரையில் ஓர் ஆம்பிளைக்கு வாய் கிடையாது. சொன்னால் பிறகு அவன் உயிரோடு இருந்தும் பிரயோசனமில்லை. தவசு காலம் முழுக்க அவளுடைய நேர்த்திக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அவளோ ஒவ்வொரு நாளும் அந்த மறைப்பைத் தன் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மாட்டியார்," என்றாள் கத்தரீனா. "நேர்த்தி தீரேல்லை."

சூழ்ந்து நின்றவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? நல்லாய்த்தானே வாசிச்சனி?"

"வலக்கைதான் சரி. இடக்கை தொடக்கத்திலையிருந்தே பிழை. மணி அடிச்சபடியாலை உங்களுக்குக் கேக்கேல்லை. பிறகு நான் இடக்கையை எடுத்திட்டன். ரெண்டு கையாலையும் வாசிக்கிறன் எண்டு நேர்ந்தனான். மாமி சாட்சி."

மாமியின் முகத்தில் ஈயாடவில்லை. சற்றுமுன் முத்தம் கொடுத்த வாயால், "குறை நேர்த்தியோ, பாவி? ஏன்ரி அதை நேர்ந்தனி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, பெரிய மியூசிக்காரி என்று முணுமுணுத்தாள். கிறேசம்மா வெளிறிப்போய்க் கத்தரீனாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரீனா அவள் பக்கம் திரும்பவில்லை.

சத்தம் கேட்டுச் சுவாமியார் வந்தார். தாளை வாங்கிப் பார்த்து, அவள் வாசித்த விதத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் காது மாதிரிக் குறி இருந்தால் கோட்டின்ர பேர் மாறும், மகள். அடிக்கோட்டிலை ஈ இல்லை, ஜீ. ஒவ்வொரு விரலும் ரெண்டு கட்டை தள்ளி விழுந்திருக்கு. அதுதான் அழுத மாதிரிக் கேட்டது. சின்ன விசயம். பின்னேரம் வாரும், காட்டித்தாறன். நாளைக்குப் பாஸ்குப் பூசைக்கு ரெண்டு கையாலையும் வாசிக்கலாம். அதோடை நேர்த்தியும் தீரும்."

மதிலில் இருந்த விரல்கள் திரும்பவும் இறுகின. கத்தரீனா அதைப் பார்க்காதது போலப் பார்த்தாள்.

"நான் பெரிய சனிக்கெண்டு நேர்ந்தனான், சுவாமி. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரேல்லை."

"மாதா இப்பிடிக் கணக்குப் பாக்கிறவவோ?"

"நான் பாக்கிறன், சுவாமி. பிழையான நேர்த்தியோடை அவரைக் கடலுக்கு விட என்னாலை ஏலாது."

சுவாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ்ரியாம்பிள்ளை முந்திக்கொண்டார். இந்த விசயத்தில் அவருக்குச் சுவாமியாரைவிடக் கடலில்தான் பயம் அதிகம். "அப்ப வாற வருசத்துப் பெரிய சனி வரைக்கும் அவன் கடலிலை கால் வைக்க ஏலாது," என்று முடிவாகச் சொன்னார். "கரையிலை வேலை கிடக்கு. வலை பொத்தட்டும், மீன் வாடியைப் பாக்கட்டும். என்ன செய்யிறது, விதி." போகும்போது கத்தரீனாவை அவர் பார்த்த பார்வையில் பழைய மரியாதை இல்லை.

கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. மாமி இருவருக்கும் முன்னால் விறுவிறென்று நடந்துபோனாள். கல்வேலிகளுக்கு நடுவே புருசனும் பெண்சாதியும் நடந்தார்கள். தங்கள் வீட்டு வளவு தெரிகிற இடத்தில் சவிரிமுத்து நின்றான்.

"உண்மையாய்ப் பிழைச்சதோ?"

"உண்மையாய்த்தான்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "இளையதம்பி கையை விடேல்லை," என்றான் மெதுவாக. "என்னைப் பிடிச்சவன். நான்தான் உதறினனான்."

கத்தரீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறவில்லை. பிறகு சின்னப்பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

"வாற வருசம் சரியாய் வந்திடுமோ?"

அடிக்கோட்டில் ஜீ என்பது இப்போது அவளுக்குத் தெரியும். பெட்டியும் இன்றிலிருந்து வாய் திறந்துதான் இருக்கும்.

"இடக்கை பெரிய கஷ்டம்," என்றாள் அவள். "எனக்குக் கனகாலம் எடுக்கும்."